காணொளிச் சரிபார்ப்பில் அட்டை மங்குவது ஏன்?

காணொளி வழியே வாடிக்கையாளரை அடையாளம் காண இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதி அளித்தது. அவ்வழியில் கணக்குத் தொடங்க முன்வருவோர் சிலரின் பான் அட்டை எழுத்துகள் எங்கள் திரையில் மங்கிவிடுவதால், விண்ணப்பத்தை நிராகரிக்க நேர்கிறது. குறை பெரும்பாலும் கேமராவில் இல்லை. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை, விநாடிக்கு 25 வீதம் சுருக்காமல் அனுப்பினால், விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் செல்ல வேண்டும். சாதாரணக் கைபேசி இணைப்பு அதைத் தாங்காது. ஆகவே, முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளையே மென்பொருள் பெரும்பாலும் அனுப்புகிறது; இணைப்பு தளரும்போது நுண்ணிய விவரங்களைக் கைவிடுகிறது. அட்டையின் சிறிய எழுத்துகள் அவ்வகையினவே. பின்னால் சுழலும் மின்விசிறியும் (இதைப் பலர் கவனிப்பதில்லை) இருக்கும் பிட்டுகளில் பங்கு கேட்கும். வெறுஞ்சுவர் பின்னிருக்க, முகத்தில் ஒளி விழ அமருங்கள். பதிவிறக்க வேகத்தை அன்று, பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். அட்டையைச் சில விநாடிகள் அசையாமல் பிடியுங்கள். எழுத்துகள் படிப்படியாகத் தெளிவடையும்.