காய்க்காத உண்ணி

அன்புள்ள கயல்விழிக்கு,

சிறுமலைப் பாதையோரம் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடியைத் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அம்மா, "அந்தச் சனியனையா வீட்டுக்குள்ள கொண்டாறே?" என்று தடுத்துவிட்டாளாமே. அவள் சொன்னது சரிதான். ஆனால் அடுத்து நீ கேட்டது அதைவிட நல்ல கேள்வி: பூ மட்டும் பூத்து, காய்க்காத உண்ணியை உண்டாக்க முடியாதா? முடியும் கயல். உண்டாக்கியும் இருக்கிறார்கள்.

உண்ணியின் சொந்த ஊர் அமெரிக்க வெப்பமண்டலம். 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இதை அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. கொத்துக் கொத்தாகக் கறுத்துப் பழுக்கும் பழத்தைச் சின்னானும் மைனாவும் தின்று, போகிற இடமெல்லாம் விதையை எச்சத்தோடு போட்டுவிடுகின்றன. இன்று இந்தியாவின் புலிக் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட பரப்பில் உண்ணி இருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. புல் முளைக்க வேண்டிய இடத்தை இது அடைத்துக்கொள்கிறது; தழையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடுகிறது. இத்தனைக்கும் வாசல் விதைதான். அதை அடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடைப்பது எப்படி? உங்கள் மாவட்டத்துப் பெருமையான விருப்பாச்சி வாழையையே எடுத்துக்கொள். அதில் விதை இல்லை, கன்று வைத்துத்தான் பெருக்குகிறோம். காரணம் குரோமோசோம் கணக்கு. வாழைக்கு ஒரு தொகுதியில் 11 குரோமோசோம். விருப்பாச்சியில் மூன்று தொகுதி, ஆக 33. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றை எப்படிச் சரிபாதியாக்குவது? கணக்கு குழம்பி, விதை பிடிக்காமல் போகிறது.

உண்ணிக்கும் ஒரு தொகுதி 11தான். 22 உள்ள உண்ணியும் உண்டு, 44 உள்ளதும் உண்டு. இரண்டையும் கலந்தால் பிறக்கும் பிள்ளைக்கு 33. 44 உள்ள செடி கைக்கு அகப்படாவிட்டால், 22 உள்ளதன் குருத்தில் கால்சிசின் என்ற மருந்தை வைத்து இரட்டிப்பாக்கலாம். குரோமோசோம்கள் இரட்டித்த பிறகு செல் இரண்டாகப் பிரியாமல் அது தடுத்துவிடுகிறது. அந்தக் கால்சிசின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தலில் ஏற்றி வளர்க்கிற கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து! விதையை விற்று அனுப்புகிறோம், மருந்து வேறெங்கோ தயாராகிறது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அது உயிரைக் குடிக்கும் விஷம். ஆசிரியர் பக்கத்தில் நிற்கும் ஆய்வுக்கூடத்தில் தவிர வேறெங்கும் தொடாதே.

கலப்பு செய்கிற வேலை உன் கைக்குப் புதிதாக இருக்காது. கண்வலிப் பூவில் காலையில் மகரந்தம் தொட்டு வைப்பதைப் பார்த்திருப்பாய். உண்ணிப் பூ அதைவிடப் பொடிசு. பூதக்கண்ணாடியும் இடுக்கியும் வேண்டும். நாளை மலரப்போகிற மொட்டின் குழாயை இன்றைக்கே இடுக்கியால் மெல்ல உருவி எடுத்துவிட வேண்டும். நான்கு மகரந்தத் தாள்களும் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருப்பதால் அதோடேயே வந்துவிடும். மிஞ்சுவது சூலகமும் சூல்முடியும்தான். அந்தச் சூல்முடியில் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவி, பூச்சி வராமல் உறை மாட்ட வேண்டும். விதை முளைத்ததும் வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் 33 இருக்கிறதா என்று எண்ணுவார்கள்.

33 வந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. இங்கேதான் உண்ணி ஏமாற்றும். சில செடிகளில் குரோமோசோம் பாதியாகக் குறையாமலேயே சூல்முட்டை உருவாகி, விதையும் பிடித்துவிடுகிறது. உண்ணியின் இனப்பெருக்கம் பல வழிகளில் நடக்கிறது என்று லக்னோ தாவரவியல் தோட்டத்தில் கோஷுவும் சித்ரா மஹாலும் 1967இலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே காய் பிடிக்கிறதா என்று பல பருவம், பல ஊரில் பார்த்தாக வேண்டும். மகரந்தமும் செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது காட்டு உண்ணியில் போய்க் காய் பிடிக்க வைக்கும். ஃப்ளோரிடாவில் அங்கேயே பிறந்த உண்ணியினம் ஒன்றை இப்படித்தான் தோட்டத்து உண்ணி கலந்து கெடுத்தது. அதனால்தான் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் மகரந்தம், விதை இரண்டையும் சோதித்து, 2012இல் யூஎஃப்-டி3, யூஎஃப்-டி4 என்ற இரண்டு மலட்டு ரகங்களை அறிவித்தார்கள். உண்ணிக்கு மட்டுமல்ல, சீனாவிலிருந்து வேலிக்காகப் போன பிரிவெட் என்ற புதர் அமெரிக்கக் காடுகளை அடைத்துக்கொண்ட பிறகு, அதற்கும் விதை பிடிக்காத ரகம் கடைக்கு வந்திருக்கிறது.

ஆனால் மலட்டு ரகம் வந்துவிட்டால் சிறுமலை சுத்தமாகிவிடும் என்று நினைக்காதே. ஏற்கெனவே வேரூன்றியதைக் கையால்தான் எடுத்தாக வேண்டும். புதிதாக ஒன்று சேராமல் தடுப்பதே இந்த ரகங்களின் பயன். நர்சரிக்காரர் "இது காய்க்காது சார்" என்று சொல்வதையும் நம்பிவிடாதே. ரகத்தின் பெயரையும் சோதனை விவரத்தையும் கேள். இரண்டும் இல்லையென்றால் வாங்காதே.

நம்பகமான ரகம் கிடைக்கும்வரை தொட்டிக்குக் காகிதப்பூ வை. நம் பக்கம் அது காய்ப்பதே அபூர்வம், குச்சி நட்டாலே வரும். வேலிக்குக் கிளுவை இருக்கிறது. கொல்லையில் உண்ணி முளைத்திருந்தால் பழுக்கும் முன்பே எடுத்துவிடு. மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டுவிடு.

அன்புடன்,
மாமா