நூலும் உறவும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தனித்த பஞ்சிழை ஊதினாலே பறந்துவிடும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால் அவற்றிடையே உராய்வு மிகுந்து, ஒன்றையொன்று விடாது பற்றிக்கொள்ளும். நூலின் வலிமை இதுவே. நம் கிராமப் பெண்களின் உறவும் இத்தகையதே.

எங்கள் புளியறை கேரள எல்லையை ஒட்டிய வயல் சூழ்ந்த ஊர். இங்கே நடவுக்குப் பெண்கள் கூட்டமாகவே செல்வர். எந்த வயலில் வேலை என்பதை ஒருத்தி அறிந்தால் அனைவரும் அறிவர். ஒருத்தி நோயுற்றால் அவள் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டில் சோறு உண்டு. இதுவும் ஒரு சங்கமே. ஆனால் பதிவேடு இல்லாத சங்கம்.

நம் மாவட்டத்து நெசவூர்களான கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். தறியில் அமர்பவர் ஒருவர். தார் சுற்றவோ, பாவு நீட்டிக் கஞ்சி போடவோ பல கைகள் வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள்.

நெசவாளர் சங்கங்களின் தலைமை நிறுவனமாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது. சங்கம் நூல் கொடுத்துத் துணியைப் பெற்றுக் கூலி தருகிறது. அக்கூலி உறுப்பினர் பெயரில் வருவது. தார் சுற்றிய மனைவிக்குத் தனியே கூலியும் இல்லை, பெயரும் இல்லை. 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இத்தொழிலில் உள்ளோரில் 100-க்கு 72 பேர் பெண்கள் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

பெண்களே உறுப்பினராகும் சங்கங்களும் உண்டு. சமூக நலத் துறையின்கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தருகின்றன. நடவு இல்லாத நாட்களில் என் தாயாரை அத்தகைய சங்கம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றவர், அவருடன் நாற்று நட்ட அத்தை ஒருவரே. உறுப்பினர் ஏட்டில் ஒப்பமிடுவதற்காகவே அம்மா தம் பெயரை எழுதக் கற்றார். அந்தத் தையல் கூலியில்தான் நான் கல்லூரிக்கு வந்தேன்.

அகமதாபாத்தில் 1974-இல் 'சேவா' அமைப்பைச் சேர்ந்த 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியே கண்டனர்.

உறவு பஞ்சு போன்றது. ஏட்டில் ஏறும் பெயரே முறுக்கு. உழைக்கும் பெண் ஒவ்வொருத்தியின் பெயரும் உறுப்பினர் ஏட்டில் இடம்பெற வேண்டும். படித்த நாம் செய்யக்கூடிய முதல் உதவி, நம் தெருப் பெண்களுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தருவதே.