தூக்கம் வரலையா? முதல்ல மொட்டை மாடிக்குப் போ!

ராத்திரி ரெண்டு மணி வரை முழிப்பு, காலையில எழுந்திருக்கவே முடியலைன்னு புலம்புற தங்கச்சிங்களே, 'லைட் தெரபி' விளக்குக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளுங்க.

நம்ம விழித்திரையில, வெளிச்சத்தை அளக்குறதுக்குன்னே கொஞ்சம் நரம்பு செல்கள் இருக்கு. மெலனாப்சின்ங்கிற நிறமி உள்ள செல்கள். இதுங்க தானாவே வெளிச்சத்தை உணரும்னு 2002-லதான் நிரூபிச்சாங்க. காலை வெளிச்சம் பட்டதும், மூளையோட அடிப்பகுதியில சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த உடல் கடிகாரத்துக்குத் தகவல் போகும். ராத்திரி மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன் எப்போ சுரக்கணும்னு முடிவு பண்றது அந்தக் கடிகாரம்தான். (மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வெச்சு உடல் கடிகாரத்தைத்தான் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சார். நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?)

குளிர் நாடுகள்ல பனிக்கால மனச்சோர்வுக்காக 10,000 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) விளக்கு முன்னாடி காலையில அரை மணி உட்காருறாங்க. அங்கே வெயில் இல்லை, சரி. நமக்கு என்ன கேடு?

மயிலாப்பூர் ஃப்ளாட்ல ஜன்னலைத் திறந்தா பக்கத்து பில்டிங் சுவர், பட்டப்பகல்லயும் டியூப்லைட். போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுப் பாருங்க, சமையலறையில சில நூறைத் தாண்டாது. அதே போனோட மொட்டை மாடி ஏறினா ஆயிரக்கணக்குல எகிறும். ஐப்பசி மழை மேகத்துலகூட வீட்டைவிட வெளியில பல மடங்கு அதிகம். அதனால ஏழு மணிக்கு காபி டம்ளரோட மாடிக்குப் போங்க. நாகேஸ்வர ராவ் பூங்கா, பனகல் பார்க், எலியட்ஸ் பீச், எது பக்கமோ அங்கே அரை மணி நடங்க. கூலிங் கிளாஸ் வேண்டாம். சூரியனை நேரா பார்க்கவும் வேண்டாம்.

ராத்திரி அப்படியே தலைகீழ். ஒன்பது மணிக்கு மேல டியூப்லைட்டை அணைச்சிட்டு ஒரு மஞ்சள் பல்பு போதும். போன் ஹால்ல தூங்கட்டும்.

விழித்திரைக் கோளாறோ பைபோலார் பிரச்னையோ இருந்தா, விளக்கு சிகிச்சையை டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்காதீங்க.

நரம்பு வலிக்குன்னு விக்கிற சிவப்பு லைட் பெல்ட் வேற சமாச்சாரம். அந்த ஒளி செல்லுக்குள்ள இருக்குற மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டும்னு ஆய்வகத்துல பார்த்திருக்காங்க. வீட்டு பெல்ட் வலியைக் குணமாக்கும்னு அடிச்சுச் சொல்ல அது போதாது. முக்கியமா, சர்க்கரை நோயால கால் மரத்துப்போன அம்மா, மாமியாருக்குச் சூடேறுற விளக்கு எதையும் வைக்காதீங்க. தோல் வெந்தாலும் அவங்களுக்கு உறைக்காது.