பாலக்காட்டுக் கணவாய்: மாந்தர்க்கு வாயில், மலையுயிர்க்கு அகழி

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பாலக்காட்டு நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் கொல்லங்கோடு என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரைச் சூழ்ந்து நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. வரப்புகளில் பனைமரங்கள் நிற்கின்றன. வயல்களின் தெற்கெல்லையில், தென்மலை என்று அவ்வூரார் வழங்கும் நெல்லியாம்பதி மலைகள் சுவர்போல எழுந்து, 1,000 மீட்டர் உயரத்தையும் கடந்து செல்கின்றன. மழைக்காலத்தில் அம்மலைமுகத்தில் சீதார்குண்டு அருவி வெண்கோடாகத் தோன்றும்.

அதே வயலில் நின்று வடக்கே நோக்கினால் இத்தகைய சுவர் அண்மையில் இல்லை. சமவெளியைக் கடந்து நெடுந்தொலைவில்தான் மறுபக்கத்து மலைகள் தென்படுகின்றன. கிழக்கே பொள்ளாச்சி வரையிலும் தடையில்லாத நிலமே. இவ்விரு மலைச்சுவர்களுக்கும் இடைப்பட்ட திறந்த வெளியே பாலக்காட்டுக் கணவாய் ஆகும். தென்னிந்தியாவின் காற்று, மழை, வணிகம், மொழி, வனவிலங்குகள் ஆகிய அனைத்தின் வரலாற்றிலும் இவ்விடைவெளிக்குப் பங்குண்டு.

கணவாயின் அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை, தபதி ஆற்றின் அருகிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீண்டுள்ளது. இதனைக் கடக்கும் வழிகள் பல உண்டாயினும் அவற்றுட் பெரும்பாலானவை மலைமேல் ஏறி இறங்கும் வழிகளே. பாலக்காட்டில் மட்டும் மலைத்தொடர் முற்றிலும் அறுபட்டு, 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த நிலமாகிவிடுகிறது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுள்ளது. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுள்ளது. இவ்விரு சிகரங்களைத் தாங்கும் மலைகளுக்கு நடுவே, பாலக்காட்டு நகரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் கிடக்கிறது.

இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது? இங்குள்ள பாறைகள் மிகத் தொன்மையானவை. நிலத்தின் ஆழத்தில் பெரும் பாறைத்தொகுதிகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்தமையால் நசுங்கி நலிந்துபோன நீண்டதொரு பட்டை இவ்வழியே செல்கிறது. இது கிழக்கே காவிரிச் சமவெளி வரை தொடர்வதால் பாலக்காடு - காவிரிப் பட்டை எனப்படுகிறது. நலிந்த பாறை மழையாலும் ஆறுகளாலும் விரைவில் அரிக்கப்படும். இரு பக்கத்து உறுதியான பாறைகள் மலையாக எஞ்சி நிற்க, நடுப்பகுதி தாழ்ந்தது என்பது ஒரு விளக்கம். நிலப்பிளவே முதற்காரணம் என்போரும் உளர். ஆற்றின் அரிப்பையே பெரிதாகக் கொள்வோரும் உளர். மடகாஸ்கர் தீவிலும் இதனையொத்த பட்டை ஒன்று உண்டு. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அத்தீவு இந்தியாவிலிருந்து பிரியுமுன் இவ்விரண்டும் ஒன்றாய் இருந்திருக்கலாம் எனப் பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.

காற்றின் வழி

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையை எதிர்கொண்ட காற்று மேலே ஏறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்த காற்றிலுள்ள நீராவி மழையாகப் பொழிகிறது. மலைக்கு மேற்கே பெருமழையும் கிழக்கே வறட்சியும் காணப்படுவதற்கு இதுவே காரணம். கணவாயிலோ காற்று ஏறவேண்டிய அவசியம் இல்லை. எனவே அது தன் ஈரத்தில் ஒரு பகுதியைத் தன்னுடனேயே கொண்டு கிழக்கே கடந்து செல்கிறது.

அகன்ற வாய்க்காலில் மெதுவாகச் செல்லும் நீர், குறுகிய மதகின் வழியே விரைந்து பாய்வதை உழவர் அனைவரும் அறிவர். காற்றும் அவ்வாறே. இரு மலைகளுக்கிடையே ஒடுங்கும் காற்று வேகம் கொள்கிறது. இவ்வேகத்தைப் பயன்படுத்தியே கணவாயிலுள்ள கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. கிழக்கே உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களிலும் ஏராளமான காற்றாலைகள் சுழல்கின்றன. கோயமுத்தூரின் இதமான காற்றுக்கும் கணவாயே காரணம். ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி நூல் எளிதில் அறுபடுவதில்லை. 1888-ல் முதல் ஆலை தொடங்கப்பெற்ற கோயமுத்தூரில் நூற்புத்தொழில் வளர்ந்தமைக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கார்த்திகைக்குப் பின் காற்றின் திசை மாறுகிறது. கிழக்கிலிருந்து வறண்ட காற்று கணவாய் வழியே மேற்கு நோக்கி வீசும். மலையாளத்தில் கார்த்திகை மாதத்துக்கு விருச்சிகம் என்று பெயர். ஆதலின் திருச்சூர் வட்டாரத்தார் இதனை விருச்சிகக் காற்று என்பர். கேரளத்தின் பிற பகுதிகளில் தென்னை ஓங்கியிருக்க, சித்தூர், கொல்லங்கோட்டு வட்டாரங்களில் பனை செழித்திருப்பதும், சித்தூர்ப் பகுதியில் கரிசல் மண் காணப்படுவதும், கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவதும் இந்நிலத்தின் இயல்பைக் காட்டுவன. கொல்லங்கோட்டுக்கு அடுத்துள்ள முதலமடையில் மாமரங்கள் நாட்டின் பல பகுதிகளுக்கு முன்னதாகவே காய்த்துப் பயன் தருகின்றன.

மக்களின் வழி

காற்றுக்குத் திறந்த வாயில் மனிதருக்கும் திறந்ததே. சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கும் உள்நாட்டு நகரமான கரூருக்கும் இடையே சென்ற பண்டைய வணிகப் பாதை இக்கணவாய் வழியே அமைந்தது. கோயமுத்தூர் அருகேயுள்ள வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாய்வு, அங்கே இரும்பை உருக்கியதையும் வண்ணக் கற்களில் மணிகள் செய்ததையும் வெளிப்படுத்தியது. கிழக்கின் மணிகளும் மேற்கின் மிளகும் இவ்வழிகளில் பயணம் செய்தன.

படைகளும் இவ்வழியே வந்தன. மைசூர் மன்னர் ஹைதர் அலி 1766-ல் பாலக்காட்டுக் கோட்டையை வலுவாகக் கட்டியதன் நோக்கம் இவ்வாயிலைத் தம் கையில் வைத்துக்கொள்வதே. பின்னர் இருப்புப்பாதை வந்தது. பம்பாய்க்கு அருகே போர்க்கணவாயில் மலையேறும் பாதை அமைப்பதற்கு இருபதுக்கு மேற்பட்ட குகைவழிகளைக் குடைய நேர்ந்தது. அது 1863-ல் திறக்கப்பட்டது. பாலக்காட்டிலோ மலையைக் குடையும் தேவையே எழவில்லை. 1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இருப்புப்பாதைத் தொடர்பு உண்டாயிற்று. கொல்லங்கோடு வழியாகப் பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் பாதை 1932-ல் திறக்கப்பட்டது. 2015-ல் அது அகலப்பாதையாக மாறியது.

மொழிகளும் இங்கே கலந்தன. கொல்லங்கோடு 1956 வரை சென்னை இராச்சியத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது; அண்டையிலுள்ள சித்தூரோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது இரண்டும் அதில் சேர்ந்தன. ஆட்சி எல்லைகள் மாறினும் பேச்சு மாறவில்லை. சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. இவ்வட்டாரத்து ஊர்க்கோயில்களில் ஆடப்பெறும் கண்ணியார்களியில் மலையாளப் பாடல்களோடு தமிழ்ப் பாடல்களும் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து அக்கிரகாரங்கள் அமைத்தோரின் வழியில் தனியொரு பாலக்காட்டுத் தமிழும் உருவாயிற்று. கருநாடக இசையில் பெரும்புகழ் எய்திய செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896-1974), மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் (1912-1981) இந்நிலத்து மக்களே.

மலையுயிர்களின் அகழி

மனிதனுக்கு வாயிலாக விளங்கும் இவ்விடமே, மலையுச்சியில் வாழும் உயிர்களுக்குக் கடக்கவொண்ணாத அகழியாக உள்ளது. குளிர்ந்த சோலைக்காட்டில் பிறந்து, அங்கேயே இரைதேடி, அங்கேயே கூடுகட்டும் சிறு பறவையொன்றை எண்ணிப் பார்ப்போம். நீலகிரியிலிருந்து ஆனைமலைக்குச் செல்ல அது வெப்பமும் வறட்சியும் மிக்க சமவெளியைப் பல கிலோமீட்டர் தூரம் கடக்கவேண்டும். அதற்குச் சிறகு உண்டு; ஆனால் வழியில் நிழலும் இரையும் இல்லை. ஆதலால் அது செல்வதில்லை.

இவ்வாறு பிரிந்த கூட்டங்கள் தம்முள் கலவாமல் தனித்தனியே தலைமுறைகளைப் பெருக்குகின்றன. நாளடைவில் நிறமும் குரலும் மரபணுவும் வேறுபடுகின்றன. சோலைகளின் தரையருகே வாழும் ஒருவகைப் பறவைக்கு விஞ்ஞானிகள் 2017-ல் 'சோலிகோலா' எனப் பேரினப் பெயர் சூட்டினர். சோலை என்னும் தமிழ்ச்சொல்லே அப்பெயரில் உள்ளது. சோலையில் வாழ்வது என்பது பொருள். இப்பேரினத்தில் கணவாய்க்கு வடக்கே வாழும் இனம் வேறு; தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழும் இனம் வேறு. சோலைகளில் வாழும் சிரிப்பான் பறவைகளும் இவ்வாறே வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு இனங்களாக உள்ளன.

யானை சமவெளியில் நடக்க வல்லது. ஆயினும் அதன் மரபிலும் கணவாயின் சுவடு காணப்படுகிறது. யானைகளின் இலத்தியிலிருந்து மரபணுக்களைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், நீலகிரிப் பகுதி யானைகளும் கணவாய்க்குத் தெற்கேயுள்ள யானைகளும் மரபணு அளவில் வேறுபட்டிருப்பதை 2005-ல் வெளியிட்டனர். சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கும், வரையாடும் இருபுறமும் வாழ்கின்றன. இவற்றின் வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. வரையாடுகளின் முக்கியப் புகலிடமான இடுக்கி மாவட்டத்து இரவிகுளம், 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஒரே இடம் ஒன்றுக்குப் பாலமாகவும் மற்றொன்றுக்குத் தடையாகவும் இருத்தல் உலகின் பிற பகுதிகளிலும் காணப்படுவதே. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், அமேசான் ஆற்றின் இரு கரைகளிலும் வெவ்வேறு குரங்கினங்கள் வாழ்வதை 1852-ல் எடுத்துக்காட்டினார். படகில் செல்லும் மனிதனுக்குப் பெருவழியான ஆறு, குரங்குக்கு எல்லையாயிற்று. ஏறக்குறைய 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலவிணைப்பு உருவானபோது வட, தென் அமெரிக்காக்களின் விலங்குகள் ஒன்று கலந்தன. அதே வேளையில் இருபுறத்துக் கடலுயிர்கள் பிரிந்தன.

இன்றைய நிலை

இவ்வுண்மையை அறிவதால் விளையும் பயன் யாது? மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, நீர். கொல்லங்கோட்டு வழியே செல்லும் காயத்ரிப்புழையும் சித்தூர்ப்புழையும் ஆனைமலைப் பகுதியில் தோன்றிப் பாரதப்புழையில் கலக்கின்றன. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின்படி மேற்கே பாயும் நீரில் ஒரு பகுதி கிழக்குச் சமவெளிக்குத் திருப்பப்படுகிறது. 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மணக்கடவு என்னுமிடத்தில் ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் சித்தூர்ப் பாசனத்துக்குக் கிடைக்கவேண்டும். மழை குறையும் ஆண்டுகளில் பொள்ளாச்சி உழவரும் சித்தூர் உழவரும் ஒரே மேகத்தை எதிர்நோக்குகின்றனர்.

இரண்டாவது, யானை. கணவாயின் வடக்கு ஓரத்தில், வாளையாறுக்கும் மதுக்கரைக்கும் இடையே இருப்புப்பாதை காட்டின் ஊடே செல்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. 2024-ல் மதுக்கரைப் பகுதியில், யானைகள் பாதையை நெருங்குவதை முன்கூட்டியே கண்டறிந்து எச்சரிக்கும் கேமராக்கள் நிறுவப்பட்டன. மனிதன் வழியும் விலங்கின் வழியும் குறுக்கிடும் இடத்தில் இத்தகைய ஏற்பாடுகள் இன்றியமையாதவை.

மூன்றாவது, வெப்பம். புவியின் வெப்பநிலை உயர்ந்துவருகிறது. சமவெளி விலங்கு குளிர்ச்சியை நாடி இடம் மாறக்கூடும். சோலைப்பறவையோ ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. அதற்கு மேலே ஏற மலை இல்லை. பக்கத்து மலைக்குச் செல்லக் கணவாய் இடம் தராது. தேயிலை, யூக்கலிப்டஸ், சீகை ஆகியவற்றைப் பயிரிட்டமையால் சோலைகளும் பெரிதும் சுருங்கியுள்ளன. வடக்கே அழியும் இனத்துக்குத் தெற்கேயுள்ள இனம் ஈடாகாது. ஏனெனில் அவை இரண்டும் வெவ்வேறு. ஆகவே இரு பக்கத்துச் சோலைகளையும் தனித்தனியே காத்தல் வேண்டும்.

கணவாயின் வழியே மனிதன் சென்று பழகியது சில ஆயிரம் ஆண்டுகளே. சோலையுயிர்கள் அதனால் பிரிந்தது அதனினும் மிகத் தொன்மையான செய்தி. ஒரு நிலத்தைச் சாலையாகக் காண்போர், அதே நிலத்தை எல்லையாகக் கொண்டு வாழும் உயிர்களையும் எண்ணுதல் நன்று.

மாணவர் பயிற்சிக்கு

1. கணவாயில் பெய்யும் மழை, அதன் இருபுறத்து மலைகளில் பெய்யும் மழையினும் குறைவாயிருப்பது ஏன்?

2. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஆறு, மலை, நெடுஞ்சாலை, இருப்புப்பாதை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்க. அது எவ்வெவ்வுயிருக்கு வழியாகவும், எவ்வெவ்வுயிருக்குத் தடையாகவும் உள்ளது என்று பட்டியல் எழுதுக.

3. கொல்லங்கோடு, சித்தூர், பொள்ளாச்சி, கோயமுத்தூர் ஆகிய ஊர்களைத் தேசப்படத்தில் குறித்து, ஜூலை மாதத்திலும் ஜனவரி மாதத்திலும் காற்று வீசும் திசையை அம்புக்குறிகளால் காட்டுக.