தறி விளக்குக்குக் காரிலிருந்து மின்சாரம்

காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் மின்சாரம் நிற்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு: நாளிதழில் முன்கூட்டியே அறிவிக்கப்படும் மாதாந்திரப் பராமரிப்பு, தேர் வரும் நாள்களில் வீதிக் கம்பிகளில் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் நிறுத்தம், 2016 டிசம்பரில் வந்த வர்தாவைப் போன்ற புயல். முதலிரண்டுக்கும் முந்தைய இரவே ஆயத்தமாகலாம். மூன்றாவதற்கு வீட்டில் சேமிப்பு இருந்தாக வேண்டும். குழித்தறி கையாலும் காலாலும் இயங்குவது, அதற்கு மின்சாரம் எதற்கு என்று கேட்போர், புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து பிணைக்கும் கோர்வை வேலையை அரையிருட்டில் ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தியதும் இத்தேவையை அறிந்துதான்.

மின்சாரக் காரின் மின்கலத்திலுள்ள நேர்மின்சாரத்தை வீட்டுக் கருவிகள் ஏற்கும் 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, சார்ஜ் ஏற்றும் துளையின் வழியாகவே வெளியே தரும் வசதி ‘விடுஎல்’ (V2L) எனப்படுகிறது. 2023 செப்டம்பரில் புதிய வடிவில் வந்த டாடா நெக்ஸான் இவி இவ்வாறு 3.3 கிலோவோல்ட் ஆம்பியர் வரையிலும், ஹூண்டாய் அயோனிக் 5 அதன் அடாப்டர் வழியே 3.6 கிலோவாட் வரையிலும் தரவல்லவை. நெக்ஸானின் பெரிய மின்கலம் அப்போது 40.5 யூனிட் கொள்ளளவு உடையது. வீடுகளில் வழக்கமாக இன்வெர்ட்டருடன் வைக்கப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியோ கணக்குப்படி 1.8 யூனிட்டே கொள்ளும். தறி விளக்குகள், மின்விசிறிகள், குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து சராசரியாக 400 வாட் இழுத்தாலும், மின்கலத்தில் கால்பங்கை மிச்சம் வைத்துக்கொண்டே இரண்டு இரவு பகலுக்கு மேல் தாங்கும். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானில் நிசான் நிறுவனம் 2012இல் லீஃப் காருக்கென அறிமுகப்படுத்திய ஏற்பாட்டில் காருக்கும் வீட்டுக்கும் இடையே அதற்கென்றே ஒரு கருவி உண்டு. இங்கு விடுஎல் தருவது ஒரு சாக்கெட் மட்டுமே, அதுவும் தனிக்கருவிகளை மனத்தில் வைத்துத் தரப்படுவது. ஆதலால் அதனை வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கும் பொறுப்பு முழுவதும் எலக்ட்ரீஷியனின் அறிவைச் சார்ந்ததாகிவிடுகிறது.

பிள்ளையார்பாளையத்தில் தறிகள் ஓடும் ஒரு வீட்டின் அனுபவத்தில், கார், அடாப்டர் எல்லாவற்றையும்விட அதிக நட்டத்தை உண்டாக்கியது சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஆகும். தெரு மின்சாரமும் கார் மின்சாரமும் ஒருசேர வீட்டுக்குள் வராதபடி ஒன்றைத் துண்டித்தபின் மற்றதை இணைப்பது இதன் வேலை. இது பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்ச்சாக இருக்கவேண்டும். வீட்டார் அதைத்தான் கேட்டனர். நெடுங்காலம் இன்வெர்ட்டர் பொருத்திப் பழகிய எலக்ட்ரீஷியன், நியூட்ரல் எங்கும் ஒன்றுதான், இருமுனை என்பது வீண் செலவு என்று கூறி, பேஸை மட்டும் மாற்றும் சுவிட்ச்சை வைத்துச் சென்றார். வீட்டு இன்வெர்ட்டர்களில் பொது நியூட்ரல் வழக்கம் என்பது உண்மையே. ஆனால் தெருவின் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்யப்பட்டது. பல கார்களின் விடுஎல் வெளியீட்டிலோ இரு கம்பிகளில் எதுவும் எர்த்துடன் சேர்வதில்லை. இவ்விரண்டையும் பொது நியூட்ரல் பிணைத்தபோது, காரின் காப்புச் சுற்று அதனை மின்கசிவாகக் கணித்து வெளியீட்டை மீண்டும் மீண்டும் நிறுத்தியது. பழி முதலில் காரின்மீதும் பின்பு அடாப்டரின்மீதும் விழுந்து, புதிய அடாப்டர் ஒன்று தேவையின்றி வாங்கப்பட்டது. இதற்கிடையே ஒரு முகூர்த்தப் புடவை தாமதமாகி, கூலியிலும் பிடித்தம் ஏற்பட்டது. இருமுனைச் சுவிட்ச்சின் விலை இவற்றோடு ஒப்பிடத் தக்கதே அன்று. சேஞ்ச்ஓவரே இல்லாமல் வீட்டுச் சாக்கெட் ஒன்றில் காரைச் செருகிவிடலாம் என்று சொல்பவர்களும் இவ்வூரில் உள்ளனர். அவ்வாறு தெருவுக்குத் திரும்பும் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டாக உயர்த்தக்கூடும் என்பதையும், அப்போது கம்பத்தில் லைன்மேன் இருப்பார் என்பதையும் அவர்கள் எண்ணுவதில்லை.

ஏனையவை எளியன. தறிக்கூடத்துக்கும் சமையலறைக்கும் தனி போர்டு பிரித்து, அதை மட்டுமே காருக்கு மாற்றவேண்டும். தொடங்கும் கணத்தில் இயல்பைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் கிணற்று மோட்டாரை அதில் சேர்க்கலாகாது. தொட்டியை முன்னிரவே நிரப்பிக்கொள்வதே முறை. எர்த் சேராத மூலத்தில் ஆர்சிசிபி எனும் கசிவுத் துண்டிப்பான் எதிர்பார்த்தபடி இயங்காமற்போகலாம் என்பதால், அதைத் தனியே சோதிக்கவேண்டும். மாடியில் சூரியத் தகடு உள்ள வீட்டில், தெரு மின்சாரத்தைப் பின்பற்றி இயங்கும் அதன் இன்வெர்ட்டர், காரின் மின்சாரத்தையே தெரு மின்சாரமாகக் கருதி மிகுதியைக் காருக்குள் தள்ள முயலும் என்பதால், அது கார் பக்கத்துப் போர்டில் இருத்தல் கூடாது.

பின்கட்டில் வண்டி நிறுத்த இடமுள்ள வீட்டுக்கு டீசல் ஜெனரேட்டரே போதும் என்று உறவினர் இன்றும் வாதிடுகின்றனர். காரைக் கேலி செய்த அவர்களுள் சிலர் கடந்த மழையின்போது கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற இவ்வீட்டுக்கே வந்தனர் என்பது ஒருபுறம் இருக்க, வாதத்தின் குறை வேறு இடத்தில் உள்ளது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றிப் பொன் பூசியது. கந்தகம் கலந்த புகை வெள்ளியைக் கருக்கும், கரித்தூளோ விரித்த பாவில் படியும். குறுகிய பின்கட்டில் ஜெனரேட்டரை வைத்து அதன் புகையைத் தறிக்கூடத்துக்கு எட்டாமல் எங்கே விடுவது என்பதற்கு இதுவரை எந்த உறவினரும் விடை கூறியதில்லை.