ஒரே மலை, இருவேறு மழை

நுழையும்முன்
ஒரு மாநிலம் முழுவதும் ஒரே அளவில் மழை பெய்வதில்லை. மகாராஷ்டிரத்தில் இவ்வேறுபாடு மிகுதி. அதன் காரணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

ஓரிடத்தில் ஒரு நாளில் நிலவும் வெப்பம், காற்று, மழை ஆகியவற்றின் நிலையே வானிலை. பல்லாண்டுகளின் வானிலைச் சராசரி காலநிலை எனப்படும்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கொங்கண் கடற்கரையைக் கடந்ததும் சகயாத்ரி எனப்படும் மேற்குத்தொடர்ச்சி மலை அதனைத் தடுக்கிறது. மேலெழும் காற்று குளிர்கிறது; அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாகப் பொழிகிறது. எனவே, கொங்கண் ஆண்டுக்கு 2,000 மி.மீ.-க்கும் மிகுதியான மழை பெறுகிறது. மலைமுகட்டில் உள்ள மகாபலேஷ்வரில் அது 5,000 மி.மீ.-ஐத் தாண்டுகிறது.

மலையைக் கடந்து இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. இறங்க இறங்க அது வெப்பமும் அடைகிறது. ஆகவே, கிழக்கே உள்ள பகுதிகள் மழைமறைவுப் பகுதிகள் ஆயின. சோலாப்பூர் பெறும் மழை ஏறத்தாழ 600 மி.மீ. மட்டுமே.

இன்னும் கிழக்கே உள்ள விதர்பாவில் மழை மீண்டும் கூடுகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் காற்றும் அங்கு மழை தருகிறது. ஆயினும், கடலுக்குத் தொலைவில் இருப்பதால் நாகபுரியிலும் சந்திரப்பூரிலும் கோடை வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கடலோர மும்பையிலோ வெப்பத்தைவிடப் புழுக்கமே மிகுதி.

மழையைத் தடுக்கும் அம்மலையே ஆறுகளுக்குத் தாயாகவும் விளங்குகிறது. கோதாவரி, பீமா, கிருஷ்ணா ஆகியவை அங்குத் தோன்றி, வறண்ட கிழக்கு நோக்கிப் பாய்கின்றன. ஆனால், ஆற்றுநீர் எல்லா ஊர்களையும் எட்டுவதில்லை. 2016 ஏப்ரலில் வறட்சியால் தவித்த லாத்தூருக்கு, கிருஷ்ணா ஆற்றை அடுத்த மிரஜ் நகரிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் அனுப்பப்பட்டது. முதல் வண்டி 5 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்து சென்றது. மழை மிகுந்த மலைமுகடும், குடிநீருக்கு ஏங்கிய நகரும் ஒரே மாநிலத்தில்தான் உள்ளன. மழையைப் பெறுவது மட்டும் போதாது. சேமிக்கவும் பகிரவும் வேண்டும்.

சொற்பொருள்
முகடு – உச்சி
புழுக்கம் – காற்றின் ஈரத்தால் உண்டாகும் வெக்கை
மழைமறைவுப் பகுதி – மலையின் தடையால் மழை குறைந்த பகுதி

பிரித்து எழுதுக
1. கடற்கரை
2. மேலெழும்
3. பல்லாண்டு

விடை தருக
1. வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மகாபலேஷ்வரில் மழை மிகவும், சோலாப்பூரில் குறையவும் காரணம் என்ன?
3. மலை மழையைத் தடுப்பினும் கிழக்குப் பகுதிக்கு எவ்வாறு உதவுகிறது?

கேட்டு எழுதுக
தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் மிகுதியாக நனைகிறது. உங்கள் தாத்தா, பாட்டியின் ஊரில் எம்மாதங்களில் மழை பெய்யும், அந்நீரை எங்குச் சேமிப்பர் என்று கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.