பன்னிரண்டாவது விருப்பக்குறி

மேற்கு மலையில் நல்ல மழை பெய்த ஒரு நாள், எங்கள் வ. புதுப்பட்டியில் கண்மாய் நிறைந்து கிடந்த காட்சியைப் படமெடுத்துச் சமூக ஊடகம் ஒன்றில் இட்டேன். அன்றிரவு 11 விருப்பக்குறிகள் வந்தன. பன்னிரண்டாவது வருமோ என்று எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. மறுநாள் எனக்குத் தேர்வு. அதுவும் உளவியல் தேர்வு!

இதனை ஒழுக்கக் குறைவு என்பர் பெரியோர். உளவியலார் கூறும் காரணம் வேறு. அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கூண்டிலிட்டு ஆராய்ந்தார். விசையைக் கொத்தினால் சிலபோது தானியம் விழும், சிலபோது விழாது. எப்போது விழும் என்று அறியாத புறாவே ஓயாமல் கொத்தியது. தானியம் அடியோடு நின்ற பின்னும் அது எளிதில் விடவில்லை. பெர்ஸ்டருடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட நூலில் இச்சோதனைகளைக் காணலாம். ஆக, நம்மைப் பிடித்து வைப்பது கிடைக்கும் இன்பமன்று. 'கிடைக்கலாம்' என்னும் ஐயமே. அன்றிரவு நானும் ஒரு புறாதான்.

மற்றொன்று ஒப்புநோக்கல். தன்னை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதன் பிறரோடு ஒப்பிட்டே தன்னை அளக்கிறான் என்றார் பெஸ்டிங்கர் (1954). நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் சரியாகத்தான் போகிறோமா என்று வீட்டில் யாரைக் கேட்பது? எங்கோ சென்னையிலுள்ள மாணவனின் படம் நமக்கு அளவுகோலாகிவிடுகிறது. அவன் காட்டுவது அவனுடைய ஒரு நல்ல நாளை. நாம் அதனோடு நிறுத்துப் பார்ப்பதோ நம்முடைய எல்லா நாள்களையும்!

தடை விதித்தால் தீருமா? 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்குத் தடை விதித்து, அம்மாதமே நீக்கியது. 2020 ஜூனில் மத்திய அரசே அதனைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. அப்போது பள்ளி மாணவனாயிருந்த எனக்கும் என் தோழர்களுக்கும் விரல் மாறிப் பழகச் சில நாள்களே ஆயின.

இப்போது கல்லூரிப் பேருந்தில் ஏறியதும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுகிறேன். கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் மூன்று முறையாவது கை தானே பையைத் தேடுகிறது. அதற்குள் ஒருமுறைகூட அது ஒலித்திருப்பதில்லை.